வெட்டுண்ட கைகளும் நமது கண்களும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையை ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1904ஆம் ஆண்டு கொங்கோவில் எடுக்கப்பட்ட படம் அது. விறாந்தை ஒன்றின் விளிம்பிலே ஓர் ஆபிரிக்கர் குந்தியிருக்கிறார். அவர் முன்னே சிறியதாக இரண்டு பொருள்கள் கிடக்கின்றன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் அழுகை இல்லை. அந்தப் பொருள்கள் எவை என்பது முதற் பார்வையில் விளங்காது. உற்றுப் பார்த்தால் விளங்கும். அவை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கையும் காலும். அந்த மனிதரின் பெயர் என்சாலா. சிறுமி அவருடைய மகள், பெயர் போவாலி. இறப்பர்க் கம்பனியின் காவலர்கள் அவளைக் கொன்றுவிட்டார்கள். எஞ்சியதை எடுத்துக்கொண்டு அந்தத் தகப்பன் நேரே மிஷனரிமாரின் வீட்டுக்கு வந்தார். அங்கிருந்த அலிஸ் சீலி ஹரிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி தம்முடைய கெமராவால் அந்தக் காட்சியைப் பதிவு செய்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் நூலகமொன்றில் புத்தகமொன்றைப் புரட்டியபோது இந்தப் படத்தைக் கண்டேன். உடனே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் திரும்பவும் போய் அதை எடுத்து வாசித்தேன். அன்று முதல் என்னை அலைக்கழிப்பது படம் மாத்திரமல்ல. அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்தெழுந்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள், அவர்களுடைய கோபம் எங்கே போயிற்று என்ற கேள்வியும் சேர்ந்தே அலைக்கழிக்கிறது. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

இறப்பர் மரம் எனக்குப் புதியதல்ல. சிறு வயதில் சில காலம் களுத்துறைப் பக்கத்தில் இறப்பர்த் தோட்டமொன்றின் அருகே வாழ்ந்தோம். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்களையும், மரத்தில் கட்டிய சிரட்டையிலே சொட்டுச் சொட்டாக விழும் வெள்ளைப் பாலையும் பார்த்து வளர்ந்தவன் நான். கொங்கோவில் அக்காலத்தில் இறப்பர் தோட்டப் பயிராக இருக்கவில்லை. அடர்ந்த காட்டில் மரங்களைச் சுற்றி ஏறிய கொடிகளிலிருந்தே அதை எடுத்தார்கள். 1888இல் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் முழுவதும் சைக்கிளும் பின்னர் மோட்டார் காரும் ஓடத் தொடங்கின. இறப்பருக்கு விலை ஏறியது.

அப்போது கொங்கோ யாருக்குச் சொந்தமாக இருந்தது தெரியுமா? ஒரு நாட்டுக்கல்ல, ஒரு மனிதருக்கு. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்தாகவே அது இருந்தது. பெல்ஜியத்தைப் போல் எழுபத்தைந்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. அந்த மண்ணில் அவர் ஒரு நாளேனும் காலடி வைத்ததில்லை. அவருடைய படை கிராமத்துக்கு வரும். பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைக்கும். ஆண்கள் காட்டுக்குப் போய்க் குறித்த அளவு இறப்பர் கொண்டுவந்தால் பெண்கள் விடுவிக்கப்படுவர். கொண்டுவராத கிராமத்தின் மீது துப்பாக்கி பாயும். சிப்பாய்கள் தோட்டாக்களை வேட்டைக்குச் செலவழித்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலக்கையைக் கணக்குக் காட்டும்படி அதிகாரிகள் கேட்டார்கள். வேட்டையாடிவிட்ட சிப்பாய் உயிரோடிருப்பவரின் கையை வெட்டிக் கணக்கைச் சரிசெய்தான். கொங்கோவின் சனத்தொகை பாதியாகக் குறைந்துவிட்டது என 1919இல் பெல்ஜிய அரசின் ஆணைக்குழுவொன்றே மதிப்பிட்டது.

இதைக் கண்டு முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் வொஷிங்டன் வில்லியம்ஸ். அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர். 1890இல் கொங்கோவிலிருந்தே மன்னருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவருடைய கடிதமும் மெல்ல மறக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, லிவர்பூல் கப்பல் கம்பனியொன்றின் இலிகிதரான எட்மண்ட் மோரெல், அன்ற்வேர்ப் துறைமுகத்தில் கணக்குகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். கொங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் நிறைய இறப்பரும் தந்தமும் இருந்தன. திரும்பிச் செல்லும் கப்பல்களில் விற்பனைச் சரக்கு அதிகமில்லை. துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிறார்கள் என்பதைக் கணக்குப் புத்தகமே அவருக்குச் சொல்லிவிட்டது. வேலையை விட்டார், பத்திரிகை நடத்தினார். 1903இல் பிரித்தானிய கொன்சல் ரொஜர் கேஸ்மன்ட் கொங்கோவின் உட்பகுதிகளுக்குச் சென்று விசாரித்து அறிக்கை எழுதினார். 1904இல் கொங்கோ சீர்திருத்தச் சங்கம் உருவாயிற்று.

எழுத்தாளர்களும் இதிலே சேர்ந்தார்கள். மார்க் ட்வெயின் 1905இல் 'லியோபோல்ட் மன்னனின் தனிமொழி' என்ற அங்கத நூலை வெளியிட்டார். ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆதர் கொனன் டொயில் 1909இல் 'கொங்கோவின் குற்றம்' எழுதினார். என்சாலாவின் படம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மண்டபம் மண்டபமாகத் திரையில் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் அழுதார்கள். ஈற்றில் 1908இல் லியோபோல்ட் கொங்கோவைப் பெல்ஜிய அரசிடம் கையளிக்க நேர்ந்தது. அதற்கும் அவர் விலை பெற்றார். கொங்கோவுக்காக அவர் செய்த 'தியாகங்களுக்கு' நன்றிக்கடனாக 5 கோடி பிராங் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. இருந்தபோதிலும், சாதாரண மக்களின் கோபம் ஒரு மன்னனை அசைத்தது என்பதை நாம் மறுக்கக் கூடாது.

நேயர்களே, தூரத்துத் துன்பம் மனிதனைத் தொடாது என்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. ஆனால் லண்டனுக்குக் கொங்கோ எவ்வளவு தூரம்! இருந்தும் லண்டன் அழுததே. ஆகவே தூரத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அதே கொனன் டொயிலை எடுத்துக்கொள்வோம். 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாபிரிக்கப் போரில், பிரித்தானியர் போயர் இனப் பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். பட்டினியாலும் நோயாலும் 26,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பின மக்களை அடைத்த தனி முகாம்களில் குறைந்தது 14,000 பேர் இறந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் மிகச் சிலர். எமிலி ஹொப்ஹவுஸ் என்ற பிரித்தானியப் பெண்மணி முகாம்களுக்கு நேரில் சென்று கண்டதை எழுதியபோது, சொந்த நாட்டிலேயே துரோகி என்று தூற்றப்பட்டார். அப்போது கொனன் டொயில் என்ன செய்தார்? 1902இல் பிரித்தானியாவின் நடத்தையை நியாயப்படுத்தி ஒரு சிறுநூல் எழுதினார். அந்தப் பேனாவும் கொங்கோவுக்காக அழுத பேனாவும் ஒன்றுதான். பெல்ஜிய மன்னன் செய்தபோது குற்றம். தன் நாட்டு இராணுவம் செய்தபோது போரின் தவிர்க்க முடியாத விளைவு!

பிரித்தானியரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நானும் அதே தவறைச் செய்தவனாவேன். என்சாலாவின் படம் எடுக்கப்பட்ட அதே 1904இல், இன்று நமீபியா எனப்படும் நாட்டில், ஹெரேரோ மக்களை அழிக்கும்படி ஜேர்மன் தளபதி வொன் ட்ரோதா எழுத்திலேயே கட்டளை பிறப்பித்தார். ஏறக்குறைய 80,000 பேராக இருந்த ஹெரேரோ மக்கள், 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 15,000 பேராகக் குறைந்திருந்தனர். அதை இனப்படுகொலை என ஜேர்மன் அரசு ஏற்றது 2021இல்தான். ஆற்றுக்கு அப்பாலிருந்த பிரெஞ்சுக் கொங்கோவிலும் கம்பனிகளின் இறப்பர்க் கொடுமை நடந்தது. 1905இல் பிரெஞ்சு அரசே பிராஸா என்பவரை அனுப்பி விசாரித்தது. அவர் திரும்பும் வழியில் இறந்தார். அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது. 2014இல்தான் அது நூலாக வெளிவந்தது. பிரான்சு அப்போது பிரித்தானியாவின் புதிய நண்பன். நண்பன் வீட்டு அழுகை காதில் விழுவதில்லை.

இனி 1914க்கு வருவோம். ஜேர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. லூவேன் நகரின் நூலகத்தைத் தீயிட்டன. பெல்ஜியத்திலும் பிரான்சிலுமாக 6,000க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றன. இவை உண்மையான கொடுமைகள். பெல்ஜியத்துக்காக உலகம் கண்ணீர் வடித்தது நியாயமே. ஆனால் அந்தக் கண்ணீரோடு ஒரு கதையும் பரவியது. ஜேர்மன் சிப்பாய்கள் பெல்ஜியக் குழந்தைகளின் கைகளை வெட்டுகிறார்கள் என்ற கதை. சுவரொட்டிகளிலும் பத்திரிகைகளிலும் கையிழந்த குழந்தைகளை வரைந்தார்கள். தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு குழந்தையும் அகப்படவில்லை.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். உண்மையிலேயே வெட்டப்பட்ட கொங்கோக் குழந்தைகளின் கைகள் புகைப்படமாகவே இருந்தன. பத்தாண்டுகளுக்குள் அவை மறக்கப்பட்டன. வெட்டப்படாத கைகளுக்காக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். இந்தப் பொய்யால் இன்னொரு கேடும் விளைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்கள் கொல்லப்படும் செய்தி வந்தபோது, இதுவும் அந்தப் பழைய கைவெட்டுக் கதையைப் போன்றதே எனப் பலர் சந்தேகித்தார்கள்.

ரொஜர் கேஸ்மன்டின் கதையையும் சொல்ல வேண்டும். கொங்கோவுக்குப் பின்னர் அமேசன் காட்டின் புட்டுமாயோ பகுதியில் பூர்வீக மக்கள் படும் துன்பத்தையும் அவர் அம்பலப்படுத்தினார். 1911இல் 'சேர்' பட்டம் அளித்தார்கள். ஆபிரிக்காவில் கண்ட அநியாயத்தைத் தம் அயர்லாந்திலும் அவர் கண்டார். அந்த நாட்டின் விடுதலைக்காக ஜேர்மனியின் உதவியை நாடினார். பட்டம் பறிக்கப்பட்டது. 1916 ஓகஸ்ட் 3ஆம் திகதி லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்த அரசியல் முடிவு சரியா பிழையா என்பது வேறு விவாதம். அவருக்குக் கருணை கேட்டு மனுத் தயாரிப்பதில் முன்னின்றவர் கொனன் டொயில். ஒரு மனிதனை ஒரே நிறத்தால் தீட்ட முடியாது என்பதற்கு இதுவே சான்று. அந்த மனுவில் கையெழுத்திட மறுத்தவர் யார் தெரியுமா? 1890இல் கொங்கோவில் கேஸ்மன்டோடு பழகி, பின்னர் 'இருளின் இதயம்' எழுதி உலகப் புகழ் பெற்ற ஜோசப் கொன்ராட்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது மோரெலின் கதை. முதலாம் உலகப் போரை எதிர்த்ததற்காக 1917இல் கேஸ்மன்ட் தூக்கிலிடப்பட்ட அதே சிறையில் அடைக்கப்பட்டவர் அவர். துணிவில் குறை சொல்ல முடியாத மனிதர். போர் முடிந்ததும் பிரான்சு தன் ஆபிரிக்கப் படைவீரர்களை ஜேர்மனியின் றைன் பகுதியில் நிறுத்தியது. 1920இல் மோரெல் அதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார், சிறுநூலும் வெளியிட்டார். தோற்றுப்போன ஜேர்மனி மீது அவருக்கிருந்த இரக்கம் நேர்மையானது. ஆனால் அந்த இரக்கத்தை எழுப்ப அவர் கையாண்ட வழி என்ன? கறுப்பு மனிதர்களை அடக்க முடியாத காமம் பிடித்தவர்களாகவும், வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்தானவர்களாகவும் சித்திரித்தார். கொங்கோக் கிராமத்தவரின் கைகளுக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர், அதே ஆபிரிக்கன் துப்பாக்கியோடு ஐரோப்பியத் தெருவில் நின்றதைச் சகிக்கவில்லை. அடிபட்டு வீழ்ந்து கிடக்கும் ஆபிரிக்கனுக்கே அவர் நெஞ்சில் இடமிருந்தது.

அப்போது லண்டனில் வாழ்ந்த ஜமேக்காக் கவிஞர் கிளோட் மக்கே இதற்குப் பதில் எழுதினார். மோரெலின் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை அதை வெளியிட மறுத்தது. சில்வியா பாங்க்ஹேர்ஸ்ட் நடத்திய சிறு பத்திரிகையே அதைப் பிரசுரித்தது. கொங்கோவுக்காக எத்தனையோ மண்டபங்களில் எழுந்த குரல்களுக்கு நடுவே, ஒரு கறுப்பினக் கவிஞனுக்குத் தன்னைப் பற்றித் தானே பேசக் கிடைத்த இடம் அவ்வளவுதான். 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி, கொன்ராடின் அந்த நாவலைப் பற்றி அமெரிக்காவில் ஆற்றிய உரையில் சுட்டிக்காட்டியதும் இதையொத்ததுதான். ஆபிரிக்கர்களுக்காக இரங்குவதாகத் தோன்றும் கதையில் ஆபிரிக்கர்களுக்கு மொழியே அநேகமாக இல்லை என்றார் அவர். இரக்கம் வேறு, சமமாக மதிப்பது வேறு.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் யாரும் யாரையும் கண்டிக்கத் தகுதியில்லையே" என்று ஒருவர் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். அந்த வாதத்தை முதலில் விரும்பியவர் லியோபோல்ட் தாமே! பிரித்தானியரின் குடியேற்ற நாடுகளில் நடப்பதை முதலில் பாருங்கள் என்று தம் ஆட்களைக் கொண்டு எழுதுவித்தார். அவர் சுட்டியதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மையால் ஒரு கொங்கோக் குழந்தையின் கைகூடக் காப்பாற்றப்படவில்லை. 'அங்கே நடந்ததைக் கேட்டாயா' என்ற கேள்வி இரண்டு நோக்கத்தோடு வரலாம். அங்கேயும் பேச வேண்டும் என்பதற்காக வரலாம்; இங்கே பேசாதே என்பதற்காகவும் வரலாம். கேட்பவன் அங்குள்ளவர்களுக்காக இதற்கு முன் ஒரு வார்த்தை பேசியிருக்கிறானா என்று பார்த்தால் நோக்கம் தெரிந்துவிடும். மார்க் ட்வெயின் லியோபோல்டைச் சாடினார். அதற்கு முன்பே பிலிப்பைன்ஸில் தம் சொந்த அமெரிக்கா நடத்திய போரையும் சாடினார். அப்படி இருக்க முடியும் என்பதற்கு அவர் உதாரணம்.

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு, நேயர்களே. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள், நம் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடவுக்கு வந்தன. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்ட இறப்பர் பெருகியதும் காட்டு இறப்பரின் காலம் முடிந்தது. பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள். கங்காணியிடம் பட்ட கடனைக் காகிதத்தில் எழுதி, அந்தக் கடனோடு ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921 வரை இருந்தது. கொங்கோவுக்காக அழுத மண்டபங்களில் இதைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகமில்லை. நான் சிறுவனாகப் பார்த்த அந்தச் சிரட்டைகளைப் பற்றி நானும் கேட்கவில்லை. அழகாயிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

இன்னுமொன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் போர் நடந்த ஆண்டுகளில் காலையில் பத்திரிகையை விரித்ததும் இறந்தவர்களின் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பேன். எந்தப் பக்கத்துப் பெயர் என்று தெரிந்த பின்னரே துக்கம் வந்தது. அல்லது வராமல் நின்றது. குண்டு வெடித்த பஸ்ஸில் போன தாயின் பெயர் என் மொழியில் இல்லாதபோது, அடுத்த செய்திக்குப் போன நாட்கள் உண்டு. என் துயரம் உண்மையானதுதான். ஆனால் அது அடையாள அட்டையைப் பார்த்துவிட்டே உள்ளே வந்தது. மறுபக்கத்து வீடுகளிலும் இப்படித்தான் இருந்திருக்கும். இருவருமே நல்லவர்கள் என்றுதான் நம்மைப் பற்றி நினைத்திருப்போம்.

கொங்கோவின் துயரமும் முடிந்துவிடவில்லை. 2020இல் பெல்ஜிய மன்னர் பிலிப் கடந்த காலக் கொடுமைகளுக்காக வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 1996இல் மூண்ட போர்த் தீ பல வடிவங்களில் தொடர்ந்தது. 2025 ஜனவரியில் கோமா நகரம் கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்தது. அன்று டயருக்கு இறப்பர். இன்று நம் கைத்தொலைபேசிக்குக் கோபால்ட். உலகத்தின் கோபத்தில் கொங்கோவுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதை நேயர்களே நினைத்துப் பார்க்கலாம்.

முடிக்குமுன் ஒரு காட்சி. உலகத்தின் நெருக்குதலால் லியோபோல்டே ஓர் ஆணைக்குழுவை 1904இல் கொங்கோவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதன் முன் சாட்சி சொல்ல லொன்டுலு என்ற கிராமத் தலைவர் வந்தார். அவர் கையில் 110 சிறு குச்சிகள் இருந்தன. அவற்றை மேசையில் வைத்தார். இறப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களில் ஒருவருக்கு ஒரு குச்சி. பெரியோர், ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என நான்காகப் பிரித்தார். பின்னர் ஒவ்வொரு குச்சியாக எடுத்து ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார்.

எழுதுபவனும் வாசிப்பவனும் அந்தத் தலைவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் தம் ஊராரின் பெயர்களை அறிந்திருந்தார், ஆகவே சொன்னார். நமக்கு வேண்டியது அடுத்த ஊராரின் பெயர்களையும் அறிவது. நாளைக் காலை பத்திரிகையை விரிக்கும்போது, எந்தப் பக்கத்துப் பெயர் என்று பார்க்குமுன் ஒரு குச்சியை எடுத்து வைத்துப் பார்ப்போம். கை வலிக்கும். ஆனால் அந்த வலி இல்லாமல் நம் கோபத்தை நாமே நம்பக் கூடாது.